காரைக்குடியில் கண்ணாடி இறக்கப் போனது

வேன் நின்ற கொட்டகையில் அன்று இருந்தவர்கள்: பெரியவர் லெட்சுமணன் செட்டியார். அவருடைய தம்பி சாத்தப்பன் செட்டியார். பெரியவரின் மனைவி தெய்வானை ஆச்சி. டிரைவர் காதர் பாய். பிறகு நான். ஈப்போவிலிருந்து தகரப் பெட்டியோடு வந்தவன். தம்பியின் மனைவி உண்ணாமலை ஆச்சி அங்கே இல்லை. வீட்டுக்குள் படுக்கையில் இருந்தார். அவருக்காகத்தான் நான் கப்பல் ஏறி வந்தது.

ஈப்போவில் எனக்கு மோட்டார் பட்டறையில் வேலை. அண்ணனும் தம்பியும் அங்கே வட்டிக்கடை வைத்திருந்த காலத்தில் இந்த வேனை ஒரு ஈயச் சுரங்க முதலாளியிடம் வாங்கினார்கள். அமெரிக்க வண்டி. பின்பக்கம் ஓர் ஆள் நீட்டிப் படுக்கலாம். கண்ணாடிக்குச் சுற்றும் கைப்பிடி கிடையாது. சுவிட்சைத் தொட்டால் மோட்டார் ஓடும், கண்ணாடி ஏறும், இறங்கும். கடையை மூடி ஊருக்குத் திரும்பியபோது வேனையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன் கதவைத் திறந்து வேலை பார்த்த ஆள் நான்தான். அதனால் என்னைக் கூப்பிட்டார்கள். பழைய வண்டியிலிருந்து கழற்றிய மோட்டார் மூன்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தேன்.

என் அப்பா சிவகங்கைப் பக்கத்து ஆள். நான் அந்த மண்ணைப் பார்த்ததில்லை. மலேசியா என்று பெயர் மாறிப் பல வருஷம் ஆகிவிட்டது. இங்கே எல்லாருக்கும் மலாயாதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், "மலாயாவுல ரப்பர் மரம் வீட்டுக்குள்ளயே இருக்குமாமே, நெசமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. அந்த பஸ் வழியில் இரண்டு முறை நின்றது. முதல் முறை டயர். இரண்டாவது முறை டிரைவருக்குத் தெரிந்தவர் வீட்டுக் காதுகுத்து. பத்து நிமிஷத்தில் வந்துவிட்டார், வாயில் வெற்றிலையோடு. ஒருவரும் கோபப்படவில்லை. எனக்குப் புரியவில்லை.

காரைக்குடியில் இறங்கி ஒரு கடையில் பால் போடாத காப்பி கேட்டேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து, "காச்சலா இருக்கீகளா?" என்றார். எங்கள் ஊரில் அதுதான் காப்பி.

உண்ணாமலை ஆச்சியின் விஷயம் இது. ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. கட்டுப் போட்டுப் பார்த்தார்கள், கூடவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை அறுத்து வைத்துக் கட்டுவதாகப் பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். அவர் அடுத்த வாரம் வெளிநாடு போகிறார். இந்த வெள்ளிக்கிழமையை விட்டால் ஆச்சி படுக்கையோடு படுக்கைதான். உட்கார முடியாது. ஆகவே படுத்தபடி போக இந்த வேன்தான் உண்டு. ஆனால் போன மாதம் எக்ஸ்ரே படம் எடுக்கப் போனபோது வழியில் எந்தக் கண்ணாடியும் இறங்கவில்லை. பங்குனி வெயில். திருப்பத்தூர் தாண்டுமுன் ஆச்சி மயங்கிவிட்டார். அன்றிலிருந்து, "செத்தாலும் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஏற மாட்டேன்" என்கிறார்.

"வேனா இது, மலாயாக்காரரே? சக்கரம் வச்ச அடுப்பு" என்றார் காதர் பாய்.

கண்ணாடிகளைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாமே என்றேன்.

"ரோடு பூராவும் சல்லி அடிச்சுப் போட்டிருக்கான். செம்மண்ணு பொகையா வரும். ஆச்சி ஒரு இருமல் இருமினா இடுப்பு விட்டுப்போகும். மூடுற எடத்துல மூடணும், தெறக்குற எடத்துல தெறக்கணும்."

சரி என்று பெட்டியைத் திறந்தேன். அது திங்கட்கிழமை.

செவ்வாய்க்கிழமை காலை பெரியவர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "எம் பக்கத்துக் கண்ணாடி ரெண்டும் நல்லாத்தேன் இருக்கு, பாருங்க" என்று அழுத்திக் காட்டினார். இடப்பக்கம் இரண்டும் இறங்கின. எம் பக்கம் என்றால் என்ன? காதர் பாய் தனியாகச் சொன்னார். வீட்டில் இடப்பக்க அறைகள் பெரியவருக்கு, வலப்பக்க அறைகள் தம்பிக்கு. வாசல் ஒன்று, அடுப்பு இரண்டு. அதே மாதிரி வேனையும் பிரித்திருக்கிறார்கள். இடப்பக்கக் கண்ணாடி இரண்டும் பெரியவர் பங்கு. வலப்பக்கம் பின்கதவுக் கண்ணாடி தம்பி பங்கு. டிரைவர் கண்ணாடியும் வண்டியின் பின்னால் இருக்கும் பெரிய கண்ணாடியும் பொது.

"எஞ்சின்?" என்றேன்.

"அதப் பிரிக்க முடியலை" என்றார்.

தம்பியின் கண்ணாடி மட்டும் அசையவில்லை. கதவின் உள்தகட்டைக் கழற்றினேன். மோட்டாரில் கப்பல் உப்பு ஏறித் துரு. பாட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்துப் பார்த்தேன். முனகக்கூட இல்லை. அதை எடுத்துவிட்டு நான் கொண்டுவந்ததில் ஒன்றை மாட்டினேன். கண்ணாடியைத் தூக்கும் கையில் கிரீஸ் போட்டேன். பெரியவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். மத்தியானத்துக்குள் ஐந்து கண்ணாடியும் ஏறி இறங்கின. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

சாப்பாடு முறை வைத்துப் போட்டார்கள். காலையில் பெரியவர் அடுப்பு, மத்தியானம் தம்பி அடுப்பு. காலையில் இட்லியும் கத்தரிக்காய் கோசுமல்லியும். மத்தியானம் சோற்றுக்குப் பிறகு கறுப்பாக இனிப்பாக ஒன்று வைத்தார்கள். கவுனி அரிசி என்றார்கள். எங்கள் ஊரில் மலாய்க்காரர்கள் இதே அரிசியில் தேங்காய்ப்பால் ஊற்றிக் கஞ்சியாக விற்பார்கள். இது அங்கிருந்து வந்ததா, அது இங்கிருந்து போனதா என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும், தின்னுங்க" என்றார் சாத்தப்பன் செட்டியார்.

சாப்பிட்டுவிட்டு அவர் தன் மாமனார் வீட்டு ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். காட்டுங்க என்றார். சுவிட்சை அழுத்தினேன். ஒன்றும் இல்லை. ஐந்தும் செத்துக் கிடந்தன.

ஹார்ன் அடித்தேன், அடித்தது. விளக்குப் போட்டேன், எரிந்தது. பாட்டரியில் குறை இல்லை. வந்தவர்களில் ஒருவர், "கப்பல் ஏறி வந்தும் இம்புட்டுத்தானா?" என்றார். சாயங்காலம்வரை ஒயர் முனைகளைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். வெயில் தாழ்ந்ததும் பெரியவர் வந்தார். முன்சீட்டில் உட்கார்ந்தார். குனிந்தார். அழுத்தினார். ஐந்தும் இறங்கின.

"இறங்குதே" என்றார்.

நான் ஒயர்களைச் சுருட்டிப் பெட்டியில் போட்டேன்.

மறுநாளும் அப்படித்தான். காலையில் ஓடியது. பெரியவர் சாக்கோட்டைப் பக்கம் ஒரு வேலையாகப் போனார். நின்றுவிட்டது. சாத்தப்பன் செட்டியார் கைகட்டி நின்று பார்த்தார். "எங்க வீட்டு ஆளுக ஏறினா இறங்காதுங்க. அன்னைக்கும் அப்படித்தேன். அண்ணன் போறப்ப ஒரு நாளும் மக்கர் பண்ணினதில்லை" என்றார்.

"வேன் பெரிய மொதலாளிக்குப் பயப்படுது" என்றார் காதர் பாய். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இருபது வருஷமாக மோட்டார் பார்க்கிறேன். ஆள் பார்த்து ஓடும் மோட்டாரைப் பார்த்ததில்லை.

ஒயர் கட்டிய சின்ன பல்பை எடுத்துக்கொண்டு பாட்டரியிலிருந்து ஒவ்வொரு சாணாகத் தொட்டுக்கொண்டு வந்தேன். முன்சீட்டுக்கு எதிரே, சாமான் வைக்கும் அறைக்குள், தகரத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதன் இந்தப் பக்கம் பல்பு எரிந்தது. அந்தப் பக்கம் எரியவில்லை. பெட்டியில் சாவித் துவாரம். பெரியவர் ஒவ்வொரு தடவையும் குனிந்தது வெற்றிலை எடுக்க என்று நினைத்திருந்தேன்.

"இது என்ன?"

"அது பெரிய மொதலாளி பூட்டு. பிள்ளைக கண்ணாடிய ஏத்தி இறக்கி வெளையாடுதுகன்னு அவுக பங்குக்கு மட்டும் பூட்டு வச்சாக" என்றார் காதர் பாய்.

அவர் பங்குக்கு மட்டும் இல்லை. பூட்டை வைத்த உள்ளூர் ஆள், ஒயர் பிரியும் இடத்துக்கு முன்னாலேயே அதை வைத்துவிட்டார். பெரியவர் சாவியை எடுத்தால் அவர் கண்ணாடி, தம்பி கண்ணாடி, பொதுக் கண்ணாடி, எல்லாம் நிற்கும். இது ஒருவருக்கும் தெரியாது. பெரியவருக்கும் தெரியாது. ஏனென்றால் சாவி இல்லாமல் அவர் வேனில் ஏறியதில்லை.

அப்படியானால் ஆச்சியை மதுரைக்குக் கொண்டுபோன அன்று பெரியவர் ஏன் கூடப் போகவில்லை? அதைக் கேட்டேன். காதர் பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தம்பி பெண்டாட்டி இருக்கிற வண்டியில மூத்தவரு எப்படி ஏறுவாரு? நேருக்கு நேரா நின்னு பேச மாட்டாகளே. அந்த ஆச்சி கல்யாணமாகி வந்து இருவது வருசத்துக்கு மேல ஆச்சு, ஒரு சொல்லு பேசினதில்லை." ஈப்போவில் என் தம்பி மனைவி என்னைத் திட்டவே திட்டுவாள்.

பெரியவர் திரும்பி வந்ததும் எல்லார் முன்னாலும் சொன்னேன். சாவியைப் போடச் சொன்னேன், ஓடியது. எடுக்கச் சொன்னேன், நின்றது.

சாத்தப்பன் செட்டியார் முகம் மாறிவிட்டது. "அப்ப உங்க பூட்டுதேன் அவளைச் சாகக் கிடத்துச்சு."

"எனக்குத் தெரியுமாப்பா?" என்றார் பெரியவர்.

"உங்களுக்கு என்னதேன் தெரியும்? பூட்டத்தேன் தெரியும்."

பூட்டை எடுத்துவிட்டு ஒயரை நேராகச் சேர்க்கப் பத்து நிமிஷம் போதும் என்றேன். பெரியவர் கையை நீட்டித் தடுத்தார். "தொடக் கூடாது. இப்பக் கழத்தினா நான் வேணும்னே வச்சு, மாட்டிக்கிட்டதும் கழத்தினதா ஊரு பேசும். பங்காளிகளைக் கூட்டி, அவுக முன்னால கழத்துவோம்."

பங்காளிகள் கூட ஒரு வாரமாவது ஆகும். வெள்ளிக்கிழமை போய்விடும். சாவியையாவது காதர் பாயிடம் கொடுங்கள் என்றேன். இடுப்பிலிருந்து கொத்தை எடுத்துக் காட்டினார். வளையத்தை ஆசாரி பற்றவைத்து மூடியிருந்தார். ஒரு சாவியைத் தனியாக எடுக்க முடியாது. அதில் பெட்டகச் சாவியும் இருந்தது. அந்தக் கொத்து அவர் இடுப்பை விட்டு இறங்கியதே இல்லையாம்.

"நானே கூட வாரேன். சாவியப் போட்டுட்டு முன்னால உக்காந்துக்கறேன்" என்றார்.

"அது எப்படி முறையாகும்?" என்றார் தம்பி.

இருவரும் கத்தினார்கள். நான் கை கழுவப் போனேன். கோளாறு கண்டுபிடித்தாயிற்று. சரிசெய்ய விடவில்லை. எங்கள் பட்டறையில் இப்படி நடந்ததில்லை.

முடித்து வைத்தவர் தெய்வானை ஆச்சி. அதுவரை வாயைத் திறக்காதவர். "முன் சீட்டுக்கும் பின்னுக்கும் நடுவுல ஒரு சீலையக் கட்டி ஆணி அடிங்க. இவுக அங்குட்டு, அவ இங்குட்டு. நான் அவகூடப் பின்னால உக்காந்துக்கறேன். முறையாவது மண்ணாவது, அவ நடக்கணும்ல." பிறகு உள்ளே போய் உண்ணாமலை ஆச்சியிடம் பேசினார். வெளியே வந்து, "ஏறுவா. கண்ணாடி நிக்காதுன்னு மலாயாக்காரர் சத்தியம் பண்ணணுமாம்" என்றார். பண்ணினேன். மோட்டாருக்குத்தான் பண்ணினேன், பூட்டுக்கு இல்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். சாத்தப்பன் செட்டியார் ஆஸ்பத்திரியில் ஏற்பாடு செய்ய முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார். வேனின் பின்னால் இருக்கும் பெரிய கண்ணாடியை இறக்கினால்தான் அங்கே உள்ள கதவு திறக்கும். அந்த வழியாக ஆச்சியைப் பலகையோடு உள்ளே ஏற்றினோம். பெரியவர் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பலகை நகராமல் இரண்டு பக்கக் கதவுக் கைப்பிடிகளிலும் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். தெய்வானை ஆச்சி பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். முன்னால் காதர் பாய், நடுவில் நான், ஓரத்தில் பெரியவர். எங்கள் முதுகுக்குப் பின்னால் கண்டாங்கிச் சேலை, நான்கு மூலையிலும் ஆணி.

காற்று நன்றாக வந்தது. கொஞ்ச தூரம் போனதும் சேலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"காதரு, கண்ணாடியக் கொஞ்சம் ஏத்தலாமான்னு கேளு. காத்து மூஞ்சில அடிக்குது."

காதர் பாய் கைக்குப் பக்கத்திலேயே எல்லாச் சுவிட்சும் இருந்தன. ஆனாலும் பெரியவர் பக்கம் திரும்பி, "ஏத்தலாமான்னு கேக்குறாக" என்றார்.

"எம்புட்டுன்னு கேளு."

"எம்புட்டுங்கிறாக ஆச்சி."

"நாலு வெரக்கட."

"நாலு வெரக்கடையாம்."

"ஏத்தச் சொல்லு" என்றார் பெரியவர்.

ஏற்றினார். என் காதுப் பக்கம் குனிந்து, "நான் டிரைவரா, டெலிபோனா?" என்றார்.

சல்லி கொட்டிய இடம் வந்தது. முன்னால் ஒரு லாரி. செம்மண் சுவர் மாதிரி எழுந்தது. ஐந்து கண்ணாடியையும் ஏற்றினோம். அது தாண்டியதும் குன்றக்குடி. பெரியவர் நிறுத்தச் சொன்னார். அடிவாரத்தில் ஒரு சூடம் ஏற்றிவிட்டுப் போகலாம், ஆத்தாளுக்கு நல்லபடியாக முடியட்டும் என்றார். தம்பி மனைவியை அவர் ஆத்தாள் என்றுதான் சொல்வார். இறங்கினார். காதர் பாய் தேங்காய் வாங்க ஒரு பக்கம் போனார். நான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்க வாளியோடு குழாயடிக்குப் போனேன். கண்ணாடி ஏறியபடியே இருந்தது. யாரும் நினைக்கவில்லை.

தண்ணீர் பிடிக்கும்போது தெய்வானை ஆச்சியின் குரல் கேட்டது. "இங்க பாருங்க! இங்க பாருங்க!" கண்ணாடியில் வளையல் தட்டும் சத்தம். பெரியவர் முதுகைக் காட்டி நின்றார். ஒரு கையை மட்டும் பின்னால் ஆட்டினார். "ஒரு நிமிசம் பொறுக்க மாட்டா. சூடம் எரியுதுல்ல" என்றார், பக்கத்தில் நின்ற யாரிடமோ.

நான் ஓடினேன். முன்கதவைத் திறந்து சுவிட்சை அழுத்தினேன். ஒன்றும் இல்லை. பெட்டியில் சாவி இல்லை. பழக்கத்தில் இறங்கும்போதே எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். பலகைக்காகப் பின்சீட்டுப் பக்கக் கதவு இரண்டையும் உள்ளே கயிற்றால் கட்டியது நானே. வண்டியின் பின்னால் உள்ள கதவோ, கண்ணாடி இறங்காமல் திறக்காது. சேலையில் ஆணி. உள்ளே மூச்சு இழுக்கும் சத்தம்.

அப்போது இன்னொரு குரல். நான் அதுவரை அவ்வளவு உரக்கக் கேட்காத குரல்.

"மூத்தவுகளே! சாவி!"

கடைவீதி திரும்பிப் பார்த்தது. பெரியவர் திரும்பினார். மனைவி கூப்பிட்டபோது திரும்பாதவர். எரிகிற சூடத்தை அப்படியே விட்டுவிட்டு, வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். செருப்பு ஒன்று வழியில் கிடந்தது. அவசரத்தில் சாவி முதலில் நுழையவில்லை. பிறகு நுழைந்தது. ஐந்தையும் ஒன்றாக இறக்கினேன்.

ஆச்சியின் மூச்சு மெல்ல நிதானத்துக்கு வந்தது. தெய்வானை ஆச்சி தண்ணீர் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே புருஷனைத் திட்டினார். அதை எழுத முடியாது.

பெரியவர் சேலைக்கு முன்னால் தலையைக் குனிந்து நின்றார். காதர் பாய் தேங்காயோடு வந்துவிட்டார். அவரிடம் சொல்லச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நேராகச் சேலையைப் பார்த்துச் சொன்னார்.

"இனிமே எடுக்கலை ஆத்தா."

உள்ளேயிருந்து, "சூடம் அணைஞ்சிருக்கும். போய் ஏத்திட்டு வாங்க" என்றார் உண்ணாமலை ஆச்சி.

போனார். கொத்து பெட்டியிலேயே தொங்கியது. நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருப்பத்தூரில் இறங்கினார், எடுக்கவில்லை. மேலூரில் காப்பி குடித்தார், எடுக்கவில்லை. இரண்டு தடவையும் கை இடுப்புக்குப் போய்த் திரும்பியது.

மதுரையில் ஆச்சியைப் பலகையோடு உள்ளே கொண்டுபோனார்கள். பெரியவர் அன்றே ஊருக்குத் திரும்பினார். வேனில் இல்லை. வேன் ஆஸ்பத்திரியிலேயே நிற்க வேண்டும். பஸ்ஸுக்கு நடந்தவரைக் காதர் பாய் ஓடிப்போய் நிறுத்தினார்.

"மொதலாளி, சாவிய விட்டுட்டுப் போறீகளே!"

"வண்டியிலயே இருக்கட்டும். திரும்பி வாரப்ப ஆத்தாளுக்குக் காத்து வேணும்ல."

"பெட்டகச் சாவியும் இதுலதான இருக்கு?"

"இருக்கு" என்றார். பஸ் ஏறிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அறுத்தார்கள். சாத்தப்பன் செட்டியார் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார். டாக்டர் வெளியே வந்து, எலும்பு சரியாக உட்கார்ந்துவிட்டது, ஆச்சி நடப்பார் என்றார். சாத்தப்பன் செட்டியார் என் கையைப் பிடித்தார். அண்ணனுக்குத் தந்தி கொடுக்க வேண்டும், தபாலாபீஸ் எங்கே என்று என்னிடம் கேட்டார். நான் ஈப்போக்காரன் என்பதை மறந்துவிட்டார்.

பூட்டை நான் கழற்றவில்லை. பங்காளிகள் கூடிக் கழற்றினார்களா என்று தெரியாது. மிச்ச மோட்டார் இரண்டையும் காதர் பாயிடம் கொடுத்தேன்.

சனிக்கிழமை நான் கப்பலுக்குக் கிளம்ப வேண்டும். இரண்டு ராத்திரி வேனில் கொத்துக்குக் காவலாகப் படுத்தவன் நான். அதைக் காதர் பாயிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"முதல்ல எண்ணிச் சொல்லுங்க. நாளைக்கு ஒண்ணு கொறையுதுன்னு என் தலையில விடியக் கூடாது."

வளையத்தைத் திருப்பித் திருப்பி எண்ணினேன். பெட்டகச் சாவி, அறைச் சாவி, இன்னும் எதற்கென்று தெரியாத சாவிகள், கண்ணாடிச் சாவி.

பத்தொன்பது.